தொரசாணியின் கழுத்து

அவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்து திரும்பாது. முதலில் கால் நகரும், அப்புறம் இடுப்பு, அப்புறம் தோள். மொத்த ஆளும் திரும்பி முடித்த பிறகுதான் முகம் நமக்கு நேரே வந்து நிற்கும். "என்னா?" என்பாள். அதற்குள் கூப்பிட்டவளுக்கு எதற்குக் கூப்பிட்டோம் என்பதே மறந்து போயிருக்கும். ஒன்றுமில்லை என்று சொல்லி நழுவிவிடுவோம். அவள் அந்தப் பக்கம் போனதும், "பாத்தியாடி தொரசாணிய" என்று ஆரம்பிப்போம்.

தொரசாணி என்பது கம்பெனியில் நாங்கள் அவளுக்கு வைத்திருந்த பேர். முகத்துக்கு நேரே அக்கா. கம்மாபுரம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் ஜங்ஷனில் கூட்ஸ் வண்டிக்கு மூட்டை ஏற்றுகிறவர். எங்கள் தெருவில் ஒரு ஓட்டு வீட்டின் பின்பாதியில் குடியிருந்தார்கள். துரைசாணித்தனம் பண்ணுவதற்கு அதில் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தக் கழுத்து இருக்கிறதே! அவள் தெருவில் நடந்து வந்தால் பின்னாலேயே பல்லக்கு வருகிறதோ என்று எட்டிப் பார்க்கத் தோன்றும்.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கிய வருஷங்கள் அவை. அறுபதுகள் முடிந்து எழுபதுகள் பிறந்த நேரம். களை பறிக்கப் போய்க்கொண்டிருந்த பெண்களெல்லாம் சங்குச் சத்தத்துக்கு வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தோம். எங்கள் கம்பெனியில் டீக் கோப்பை, சாஸர், ஊறுகாய் ஜாடி. நான் கோப்பைக்குக் காது ஒட்டுகிறவள். அப்படிச் சொன்னால் இன்றைக்கு என் பேத்திகள் சிரிக்கிறார்கள். கோப்பையின் பிடிக்குக் காது என்றுதான் பேர், சிரித்தால் நான் என்ன செய்ய?

ஒட்டிய கோப்பைகளை ஒரு நீளப் பலகையில் வரிசையாக வைப்போம். அந்தப் பலகையைத் தலையில் ஏற்றிக்கொண்டு காயப்போடும் கொட்டகைக்கும், காய்ந்த பிறகு அங்கிருந்து சூளைக்கும் போகிறவர்களுக்குப் பலகைக்காரிகள் என்று பெயர். சுடாத மண் கோப்பை பச்சைக் குழந்தை மாதிரி. பலகை கொஞ்சம் ஆடினாலும் காது கீழே விழும். விழுந்தால் முதலில் பலகைக்காரிக்குத் திட்டு, அடுத்தது ஒட்டியவளுக்கு. அதனால் என் பலகை யார் தலையில் ஏறுகிறது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. தொரசாணி தலையில் ஏறினால் நான் நிம்மதியாக வெற்றிலை போடுவேன். தளும்பத் தளும்பத் தண்ணீர் வைத்தாலும் அவள் தலையில் அசையாது. கம்பெனியில் அவளைப்போல் இன்னொரு பலகைக்காரி இல்லை என்பதை அவளைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

அதிலும் நாங்கள் ஒரு திமிரைக் கண்டுபிடித்தோம். சூளைக்கு வாசல் குள்ளம். உள்ளே போனால் கோவில் மண்டபம் போல் உயரமாக இருக்கும், வாசல் மட்டும் நெஞ்சளவு. பலகைக்காரிகள் அங்கே முட்டியை மடக்கி, குந்தினாற்போல் இறங்கி, தலைப்பலகை இடிக்காமல் நுழைந்து உள்ளே எழுந்திருக்க வேண்டும். தொரசாணி மட்டும் வாசலுக்கு வெளியே நின்றுவிடுவாள். உள்ளே இருக்கிறவனைப் பார்த்து, "வந்து வாங்கிக்க" என்பாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே குனிந்து வெளியே வந்து பலகையை இறக்கிக்கொள்வான்.

"சூளைக்குக் கூட குனிய மாட்டா பாரேன்" என்பார் மேஸ்திரி. அவள் வேலை சுத்தமாக இருந்ததால் அதற்குமேல் ஒன்றும் சொல்ல மாட்டார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது தண்ணீர் விஷயம்.

கொட்டகையின் ஓரத்தில் ஒரு பெரிய ஜாடி நிற்கும். எங்கள் சூளையிலேயே சுட்டு, வாய் கோணிப்போனதால் விலைபோகாமல் நின்றுவிட்ட ஜாடி. மேலே ஒரு பித்தளை டம்ளர். எல்லோருக்கும் அந்த ஒரே டம்ளர்தான் என்பதால் வாய்வைத்துக் குடிக்கக் கூடாது. அண்ணாந்து ஊற்றிக்கொள்ள வேண்டும். ஜாடியில் தண்ணீர் நிரப்புவதும், கேட்கிறவர்களுக்கு மொண்டு கொடுப்பதும் அஞ்சலையின் வேலை. அஞ்சலை எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஊருக்குள் எந்த வீட்டிலும் அவள் கை பட்ட தண்ணீரை வாங்க மாட்டார்கள். கம்பெனியில் வாங்கிக் குடித்தோம். சூளைச் சூட்டில் நாக்கு வறண்டால் தெருவாவது ஒன்றாவது. இரண்டொரு பெண்கள் மட்டும் வீட்டிலிருந்து தனிச் சொம்பில் கொண்டு வருவார்கள். அஞ்சலை அவர்களைக் கண்டுகொள்ள மாட்டாள். அவர்கள் அப்படித்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

தொரசாணி சொம்பும் கொண்டு வரமாட்டாள், ஜாடிப் பக்கமும் போகமாட்டாள். காலையில் வருகிறவள் மத்தியானம் வீட்டுக்குப் போய்த் திரும்பும்வரை சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் பலகை தூக்குவாள். உதடு வெடித்திருக்கும். அஞ்சலைக்கு இது உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. ஏனென்றால் மற்றபடி தொரசாணி அவளிடம் நன்றாகப் பேசுகிறவள். பக்கத்தில் உட்கார்ந்து பேன் பார்த்துவிட்டிருக்கிறாள். அப்படிப்பட்டவள் தண்ணீரை மட்டும் ஏன் தொடமாட்டேன் என்கிறாள்?

ஒரு சித்திரை வெயிலில் அஞ்சலை டம்ளரோடு நேரே அவள் முன்னால் வந்து நின்றாள்.

"குடி யக்கா."

"வேணாம்டி. தாகமில்ல."

"ஒதடு வெடிச்சி ரத்தம் நிக்குது. தாகமில்லன்ற."

"வேணாம்னா வுடேன்."

அஞ்சலை டம்ளரைக் கீழே இறக்கினாள். "எங்கையால மொண்ட தண்ணின்னுதான வேணாங்குற? மத்தவளுவ மாதிரி நீயும் சொம்பு கொண்டாந்துட்டா எனக்கு ரோசமே இருக்காது யக்கா. பக்கத்துல ஒக்காந்து பேனும் பாப்ப, தண்ணின்னா மூஞ்ச திருப்பிக்குவ."

மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிற வசதி அவளுக்கு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அப்போது அது எங்களுக்குத் தெரியாது. சொம்புக்காரிகளில் ஒருத்தி சந்தோஷமாகத் தன் சொம்பை நீட்டி, "நம்மகிட்ட இருக்குது, வா, இதுல குடி" என்றாள். தொரசாணி அவளைப் பார்த்த பார்வையில் அந்தச் சொம்பு தானாகவே பின்வாங்கியது. பிறகு பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். அன்று எனக்கு அவள்மேல் அப்படி ஓர் ஆத்திரம். இவளுக்கெல்லாம் யார் இவ்வளவு கர்வத்தைக் கொடுத்தது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

உண்மை எனக்குத் தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. முருங்கைக்கீரை பறிக்கலாமா என்று கேட்க அவள் வீட்டுக் கொல்லைப்பக்கமாக நுழைந்தேன். அவள் குட்டிச்சுவர் ஓரம் நின்றுகொண்டு, கையில் ஒரு டம்ளரும் அதற்குள் பப்பாளி இலையின் காம்பும் வைத்து, உறிஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னாக்கா, எளநீர் கணக்கா உறிஞ்சுற?"

அவள் சிரிக்கவில்லை. காம்பைக் கீழே போட்டுவிட்டு, மொத்த ஆளும் திரும்பி, என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. அந்த முகத்தில் நான் அதுவரை அப்படியொன்றைப் பார்த்ததில்லை.

"புள்ள, கழுத்து அண்ணாக்க வரல" என்றாள். "ரெண்டு மூணு வருசமாவுது. மேல வானத்த பாத்தே எத்தினி நாளோ ஆவுது. இப்ப இடுப்பும் சேந்து புடிச்சிக்கிச்சி. ராத்திரில படுத்தா ஆணி அடிச்சாப்ல இருக்குது."

கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் அவளும் ஜங்ஷனில் தலைமூட்டை தூக்கியவள், கழுத்து பிடித்துக்கொண்டது அங்கேதான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா பார்த்துவிட்டு, கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது, எலும்பைவிடச் சதை அதிகமாக இறுகியிருக்கிறது, பாரம் தூக்குவதைக் குறைத்துக்கொள், கழுத்துக்கும் முதுகுக்கும் மெதுவாகப் பயிற்சி கொடு என்று சொல்லியிருக்கிறார். பயிற்சி என்றால் என்னவென்று இவளுக்குத் தெரியவில்லை. குறைத்துக்கொள்ளவும் முடியாது. பலகைக்காரிகள் எல்லோரும் தினக்கூலி. அதற்கு முந்தின வருஷம் இடுப்பு பிடித்த ஒருத்தியை, போய் ஓய்வெடு என்று மேஸ்திரி அன்பாகத்தான் அனுப்பி வைத்தார். திரும்பக் கூப்பிடவே இல்லை.

"அதுக்குத்தான் யாருகிட்டயும் சொல்லல. திமிருன்னா திமிருன்னு நெனச்சிக்கட்டும். திமிருக்காரிக்கு வேல குடுப்பாங்க. கழுத்து போனவளுக்குக் குடுப்பாங்களா?"

"அப்ப அஞ்சல?"

அதைக் கேட்டதும் அவள் உட்கார்ந்துவிட்டாள். உட்காருவதே ஒரு பெரிய வேலை, சுவரைப் பிடித்து மெல்ல மெல்ல இறங்கினாள்.

"அவ கேட்டது நெஞ்சுல முள்ளு மாதிரி நிக்குது. நானும் சொம்பு கொண்டாந்தா, அவ தண்ணி வேணாங்குற கூட்டத்துல ஒருத்தி ஆயிடுவேன். வாய்வெச்சிக் குடிச்சா டம்ளர எச்சி பண்ணிட்டேன்னு எல்லாரும் கத்துவாளுவ. அண்ணாக்க முடியலன்னு சொன்னா அன்னிக்கே மேஸ்திரி காதுக்குப் போயிடும். அஞ்சல வாயில எதுவும் நிக்காதுன்னு ஒனக்குத் தெரியாதா?" கீழே கிடந்த காம்பை எடுத்துக் கிள்ளிப் போட்டாள். பிறகு சொன்னாள். "நான் அவகிட்ட வாயால சொல்லப் போறதில்ல. ஒரு நாளு அவ கையால வாங்கி அண்ணாந்து குடிச்சிக் காட்டுறேன். அதுதான் பதிலு."

இதுதான் அவள். மன்னிப்புக் கேட்பதைக்கூட நிமிர்ந்து நின்றுதான் கேட்பாள்.

எங்கள் தெருவுக்குப் பெண்கள் ஹைஸ்கூல் டிரில் டீச்சர் குடிவந்தது அந்தச் சமயத்தில்தான். ஸ்ரீமுஷ்ணத்துப் பெண். எங்கள் இருவரையும்விட வயதில் சின்னவள், குரல் மட்டும் மைதானத்துக் குரல். விடியற்காலையில் அவள் தன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உடம்பை வளைத்துக்கொண்டிருப்பதை ஜன்னல் வழியாக நான்தான் முதலில் பார்த்தேன். பேய் பிடித்திருக்கிறதோ என்று பயந்து, பிறகு விசாரித்து, தொரசாணியை இழுத்துக்கொண்டு போனேன். டீச்சர் நிறையக் கேள்வி கேட்டாள். டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்து வேறு வந்தாள். தலைகீழாக நிற்பதெல்லாம் உங்களுக்கு வேண்டாம், வலித்தால் அந்த இடத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள்.

புடவையைப் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு தொரசாணி முதல் நாள் பாயில் குப்புறப் படுத்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் வரும், கண்ணீரும் வரும். பாம்பு மாதிரி நெஞ்சைத் தூக்கச் சொன்னாள் டீச்சர். இவள் தூக்கியது தாடையை மட்டும்தான், அதுவும் பாயில் ஓர் எறும்பு நுழையும் அளவுக்கு. "இதுவா பாம்பு? மண்புழு" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அடுத்து டீச்சர் பூனை மாதிரி முதுகை உயர்த்தி இறக்கச் சொன்னாள். மூச்சை இழுத்துக்கொண்டே தலையை ஒரு பக்கம், விட்டுக்கொண்டே நடுவுக்கு. ஒவ்வொரு தடவை முன்னால் வளைந்த பிறகும் கொஞ்சம் பின்னால் வளைய வேண்டும் என்று டீச்சர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே தொரசாணி குறுக்கே புகுந்தாள்.

"தெரியுது டீச்சர். பச்சையத் திருப்பி வெக்கிற மாதிரி."

பச்சை என்றால் சுடாத சரக்கு. காயப்போட்ட சாஸரை ஒரே பக்கமாக விட்டுவிட்டால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து கோணிக்கொள்ளும். அதனால் பாதி காய்ந்ததும் கொட்டகைப் பெண்கள் எல்லாவற்றையும் திருப்பி வைப்பார்கள். டீச்சருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து முன்னால் வளைந்து முடித்ததும், "சரி, திருப்பி வைங்க" என்றுதான் சொல்வாள்.

நான் துணைக்குத்தான் போனேன். தனியாகப் போனால் ஏன் எதற்கு என்று தெரு கேட்கும் என்பதால் இருவருமாகப் போனோம். ஆனாலும் தெரு விடுமா? ஒரு நாள் நாங்கள் வாசலைத் தாண்டி வந்த பிறகு டீச்சர் தன் மைதானத்துக் குரலில் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, நாளைக்கும் ஆசனத்துக்குத் தவறாம வந்துடுங்க! விட்டுட்டா வலி கூடிடும்!"

எதிரே எங்கள் கம்பெனிப் பெண் ஒருத்தி தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். யோகாசனம் என்ற வார்த்தை அப்போது எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. ஆசனம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், வைத்தியர்கள் மரியாதையாகச் சொல்கிற அந்த இடம். அதில் வலி என்றால் மூலம். சங்கு ஊதுவதற்குள் கம்பெனி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. தொரசாணிக்கு மூலம். அதனால்தான் குனிய மாட்டாள். அதனால்தான் விறைப்பாக நடக்கிறாள். அதனால்தான் சூளை வாசலில் குந்த மாட்டாள். எல்லாக் கணக்கும் சரியாக வந்தது.

எனக்கு மானம் போயிற்று. அவளிடம் ஓடிப்போய், "அக்கா, நான் போயி சொல்லிடறேன்" என்றேன்.

"என்னான்னு சொல்லுவ? மூலமில்ல, கழுத்துன்னா?" அவள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "வுடு புள்ள. கழுத்துன்னா வேல போயிடும். மூலத்துக்கு யாரையாவது வேலய வுட்டு நிறுத்தி நீ பாத்திருக்குறியா? நிறுத்துறதா இருந்தா மொத ஆளா மேஸ்திரிதான் போவணும். இருந்துட்டுப் போவட்டும்."

ஊரின் அன்பு எப்போது எந்த வழியாக வரும் என்று யாருக்குத் தெரியும்? அவள் நன்றாக இருந்தபோது தொரசாணி என்றவர்கள், மூலம் என்றதும் உருகிவிட்டார்கள். ஒருத்தி கருணைக்கிழங்கு மசியல் கொண்டுவந்தாள். ஒருத்தி வைக்கோல் அடைத்த சாக்கை மெத்தென்று தைத்து அவள் உட்காரும் இடத்தில் போட்டாள். காரம் சேர்க்காதே, கோழிக்கறி தொடாதே என்று மேஸ்திரி தன் சொந்த அனுபவத்தை ஒரு மூலையில் நின்று ரகசியமாக எடுத்துச் சொன்னார். தொரசாணி எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். கிழங்கைத் தின்றாள், சாக்கில் உட்கார்ந்தாள்.

அஞ்சலையும் வந்தாள். தண்ணீர்ச் சண்டைக்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசுவதில்லை. கையில் ஒரு பொட்டலம் துத்தி இலை. "வெளக்கெண்ணெயில வதக்கிக் கட்டு. எங்கம்மாவுக்குக் கேட்டுச்சி" என்று சொல்லி, முகத்தைப் பார்க்காமல் சாக்கின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த இலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு தொரசாணி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "பாத்தியா புள்ள" என்றாள். "அவ தண்ணியக் குடிக்கலன்னு கோவம். ஆனா நோவுன்னதும் எல பறிச்சிக்கிட்டு வரா." அந்த இலையை அவள் தூக்கிப் போடவில்லை. வதக்கித் துணியில் கட்டிக் கழுத்தில் ஒற்றடம் கொடுத்துக்கொண்டாள். அதனாலும் கொஞ்சம் இளகியிருக்கலாம், யார் கண்டது.

இளகத்தான் செய்தது. மழைக்காலம் வருவதற்குள் பாம்பு படம் எடுத்தது. மோவாய் தோளைத் தொடப் பார்த்தது. ஒரு காலையில் டீச்சர் வீட்டிலிருந்து வரும்போது தெருவின் நடுவில் நின்று, "புள்ள, அந்தத் தென்னமரத்துல காக்கா கூடு கட்டியிருக்குதுடீ" என்று கத்தினாள். அந்தக் கூடு அங்கே எத்தனையோ நாளாக இருக்கிறது. எனக்கு அதில் என்ன அதிசயம்? ஆனாலும் நானும் சேர்ந்து நின்று கூட்டையே பார்த்தேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. கழுத்து இளகியதும் பலகைக்குக் கீழே நின்ற தூணும் இளகிவிட்டது. இத்தனை வருஷம் அவள் தலை அசையாததற்குக் காரணம் அந்தப் பாழும் பிடிப்புத்தான் என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை. ஒரு நாள் கொட்டகையில் யாரோ கூப்பிட, அவள் சட்டென்று திரும்பினாள். கால் நகரவில்லை, இடுப்பு நகரவில்லை, கழுத்து மட்டும் திரும்பியது. வாழ்க்கையில் எல்லோரும் செய்கிற காரியம். தலையில் இருந்த பலகை சாய்ந்து, நான் ஒட்டிய கோப்பைகள் அத்தனையும் தரையில் கொட்டின.

மேஸ்திரி ஓடிவந்தார்.

"என்னம்மா இது? ஒன்ன நம்பித்தான நான் ஏற்றுமதிச் சரக்க ஒந்தலையில ஏத்துறேன்! இன்னொரு வாட்டி இப்பிடி ஆச்சின்னா மண்ணு மிதிக்கிற எடத்துக்குத்தான் அனுப்புவேன். பாத்துக்க."

மண் மிதிக்கும் இடம் என்றால் நாள் முழுக்க ஈரத்தில் குனிந்த முதுகோடு நிற்க வேண்டும். அவள் இடுப்புக்கு அது ஒரு மாதம் தாங்காது. சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில் நான் அழுதேவிட்டேன். "போதும்கா. கழுத்து முன்ன மாதிரியே இருந்துட்டுப் போவட்டும். அஞ்சலகிட்ட நான் வேற எதாவது சொல்லிக்கிறேன்."

அவள் நின்றாள். தோளைத் திருப்பாமல் கழுத்தை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"மறுபடி கட்ட மாதிரி ஆவுறதுக்கா இத்தினி நாளு பாயில பொரண்டேன்? இது வரைக்கும் என் வலிதான் பலகையத் தூக்கிச்சி. இனிமே நான் தூக்குறேன்."

கொல்லையில் ஒரு பழைய பலகையை எடுத்து, அதன்மேல் காது போன கழிவுக் கோப்பைகளை அடுக்கி, ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பித் தலையில் ஏற்றிக்கொண்டாள். கிணற்றடிக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடையாக நடந்தாள். முதலில் தோளெல்லாம் நனைந்தது. டீச்சர் பார்த்துவிட்டு, பலகைக்குக் கீழேயும் மூச்ச இழுத்து இழுத்து விடுங்க, பாயில செய்ற மாதிரி முதுக நீட்டி வைங்க என்றாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தளும்புவது நின்றது. அப்புறம் அவள் பலகையோடு குந்திப் பார்த்தாள். குந்தி எழுந்து பார்த்தாள். அவள் புருஷன் கொல்லை வாசலில் பீடி பிடித்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்திருந்துவிட்டு, "சர்க்கஸுக்குப் போவப் போறா போல" என்று என்னிடம் சொன்னார். பாவம், அவள் கழுத்தைத் திருப்பாமல் இருந்ததையெல்லாம் இத்தனை வருஷமும் தன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர்.

தை பிறந்து சூளை அடுக்கும் நாள். பெரிய ஆர்டர். வழக்கமாகக் குனிந்து வெளியே வந்து பலகை வாங்குகிறவன் அன்று அடுக்கின் உச்சியில் நின்றுகொண்டிருந்தான். தொரசாணி பலகையோடு வாசலுக்கு வந்தாள். "வந்து வாங்கிக்க" என்ற குரலுக்காக உள்ளே அவன் காத்திருந்தான். பின்னால் மற்றப் பலகைக்காரிகள் வரிசையில் நின்றார்கள். மேஸ்திரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். காது ஒட்டுவதை விட்டுவிட்டு நானும் ஓடிவந்து நின்றேன்.

அவள் குரல் கொடுக்கவில்லை. மூச்சை இழுத்தாள். முதுகு நேராக நிற்க, முட்டி மட்டும் மடங்கி மெல்ல இறங்கினாள். பலகை ஒரு மட்டத்தில் அவளோடு சேர்ந்து இறங்கியது. அப்படியே குந்தினபடி ஒரு காலை வைத்து, அடுத்த காலை வைத்து, அந்தக் குள்ள வாசலுக்குள் நுழைந்தாள். உள்ளே போய் எழுந்து நின்றாள். ஒரு காதுகூட விழவில்லை.

"ஏ அப்பா!" என்றார் மேஸ்திரி. "மூலம் விட்டுப்போச்சி போலருக்குதே!"

பலகையை இறக்கிக் கொடுத்துவிட்டு அவள் உடனே வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, சூளையின் உச்சிக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளாகப் பலகை சுமந்து வந்து நின்ற சூளை. அதன் உள்ளே எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்க்கிறாள்.

பிறகு வெளியே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராக ஜாடிப் பக்கம் நடந்தாள்.

"அஞ்சல, தண்ணி குடு."

அஞ்சலை காதில் விழாதவள்போல் ஜாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்னத்தான்டி. தாகமா இருக்குது. மொண்டு குடு."

அஞ்சலை சந்தேகத்தோடு டம்ளரை நிறைய மொண்டு நீட்டினாள். தொரசாணி அதை இரண்டு கையாலும் வாங்கினாள். பிறகு ஒரு கையால் உயரத் தூக்கி, தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்தாள். தண்ணீர் நூல் பிடித்தாற்போல் இறங்கியது. தொண்டை ஏறி ஏறி இறங்கியது. ரவிக்கையில் ஒரு சொட்டுகூட விழவில்லை. சொம்புக்காரிகள் உட்பட எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் குடிப்பதைப் பார்த்துச் சந்தோஷத்தில் அழுத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

டம்ளரை இறக்கினாள். "இனிப்பா இருக்குதுடி" என்றாள்.

அஞ்சலை அவள் முகத்தையே பார்த்தாள். "இத்தினி நாளா எறங்காத தண்ணி இன்னிக்கு எப்பிடி யக்கா எறங்குச்சி?"

"அண்ணாக்க முடியலடி. கழுத்து புடிச்சிக்கிட்டு இருந்துச்சி."

"ஒனக்கு மூலம்னு இல்ல சொன்னாங்க?"

"கழுத்துலதான் இருந்துச்சி அஞ்சல. கீழ எறங்கவே இல்ல."

முதலில் சிரித்தது யார் என்று ஞாபகமில்லை. சிரித்து ஓய்வதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. அடுத்த நாள் காலை டீச்சர் வீட்டு வாசலில் பாதிப் பலகைக்காரிகள் நின்றார்கள். முதுகுவலிக்கும் கழுத்துவலிக்கும் எங்கள் கம்பெனியில் அதன் பிறகு மூலம் என்றே பேர் நிலைத்துவிட்டது. அதெல்லாம் அப்புறம். அன்று அஞ்சலை சிரிக்கவில்லை. அவள் மனதுக்குள் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப… எங்கையால மொண்டதுக்காவ இல்ல?"

"இல்லடி."

"சத்தியமா?"

"ஒங்கையால வாங்கிக் குடிக்கணும்னுதான்டி இத்தன நாளும் பாயில பொரண்டேன்."

அஞ்சலைக்கு உதடு துடித்தது. அதை மறைக்கக் கோபப்பட்டாள். "அடிப் பாவி, ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வாயில ஊத்தியிருக்க மாட்டனா?" என்று கத்திக்கொண்டே டம்ளரைப் பிடுங்கினாள். ஜாடிக்குள் கையை விட்டு நிறைய மொண்டாள்.

"அண்ணாரு" என்றாள்.

தொரசாணி அண்ணாந்தாள். அஞ்சலை நுனிக்காலில் எக்கி நின்று, அந்த வாயில் தன் கையாலேயே ஊற்றினாள். சங்கு ஊதியது. மேஸ்திரி ஏதோ சத்தம் போட்டார். டம்ளர் காலியாகும்வரை அந்தக் கழுத்து இறங்கவில்லை.